பென்சில் வட்டம்

ஜனவரி 6, திங்கள்

காலை: கோதுமை ரவை உப்புமா, பாதி. மதியம்: கேன்டீன் சாப்பாடு, கொண்டைக்கடலைக் குழம்பு. இரவு: சப்பாத்தி இரண்டு, பருப்பு. வயிறு: பத்து மணிக்கே உப்பிவிட்டது. மாலையில் வலி.

இப்படி எழுதச் சொன்னவர் கிளினிக் டாக்டர். மூன்றாவது முறையாகப் போய் நின்றதும் அவருக்கு அலுத்துவிட்டது. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன், ஒரு மாதம் என்ன சாப்பிட்டாய், என்ன செய்தது என்று எழுதிக்கொண்டு வா என்றார். பட்டன் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். சாப்பாட்டை மட்டும் எழுதினால் நிறைய இடம் மிஞ்சும்.

மிஞ்சுகிற இடத்தில் என் விவரம். நாகஜோதி, வயது 22, பி.எஸ்சி. வேதியியல். ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். திருப்பூரில் கைக்குழந்தைகளுக்குத் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பனியன் கம்பெனியில், சோதனைக்கூடத்தில் வேலை. அக்டோபரில் சேர்ந்தேன். ஏப்ரல் இரண்டாம் தேதியோடு ஆறு மாதம் முடிகிறது. அதன் பிறகுதான் வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். அடிக்கடி லீவு போடுகிறவர்களை வைத்துக்கொள்வதில்லை. நான் ஏற்கெனவே ஐந்து நாள் போட்டுவிட்டேன்.

தங்கை அன்னம் பன்னிரண்டாம் வகுப்பு. பெரியவள் நிலைத்தால் சின்னவளைக் காலேஜுக்கு அனுப்புவேன், பெரியவள் திரும்பி வந்தால் இரண்டு பேரும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அய்யா சொல்லியிருக்கிறார். அவர் ஒரு முறைதான் சொல்வார்.

ஜனவரி 7, செவ்வாய்

காலை சப்பாத்தி. எங்கள் விடுதியில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் பெண்கள். அதனால் ஒரு வேளையாவது கோதுமை இருக்கும். வயிறு: கல் மாதிரி.

ஜனவரி 9, வியாழன்

காலை உப்புமா, மதியம் சோறு, சாயங்காலம் சுண்டல், இரவு சப்பாத்தி. சுண்டலுக்குப் பிறகு மோசம்.

டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். குழந்தைத் துணியில் அழுத்தி மூடும் டிச் பட்டன் வைப்பார்கள். அதில் நிக்கல் என்ற உலோகம் உதிர்ந்தால் பிள்ளைகளின் தொப்புள் பக்கத்தில் தோல் சிவந்து கொப்பளிக்கும். அதனால் பட்டன் வரும்போதெல்லாம் மூட்டைக்கு இருபது எடுத்து நான் பார்க்கவேண்டும். பஞ்சுக் குச்சியில் நிக்கல் சோதனைக்கான இரண்டு மருந்துப் புட்டியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டு, அரை நிமிடம் பட்டனில் தேய்ப்பேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் நல்ல பட்டன். ரோஸ் நிறம் வந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்ப வேண்டும். யாரோடும் பேசவேண்டிய அவசியம் இல்லாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

விரல் நுனிகளில் வெடிப்பு. வாட்ச் கட்டும் இடத்தில் அரிப்பு. காதுத் துளையில் நீர் வடிகிறது. பனிக் காலம். தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பொங்கல், சோறு, பூசணிக்காய்க் குழம்பு, கோழி. வயிறு வலிக்கவே இல்லை. அப்படியானால் கோதுமைதான். நேற்றே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அன்றைக்கே சத்துமாவு அரைக்க உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாகப் போடும் சம்பா கோதுமையை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு நிலக்கடலையும் சோயாவும் கூடுதலாகப் போட்டாள். முந்திரி இரண்டு மடங்கு. கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை எல்லாம் தனித்தனியாக வறுத்து, மில்லில் வரிசையில் நின்று, சூடு ஆறும் வரை வேட்டியில் பரப்பி வைத்து, ஐந்து கிலோ டின்னில் அடைத்துக் கொடுத்தாள். "மூணு வேளையும் குடி ஆத்தா. அந்தச் சப்பாத்தி இருக்குற பக்கமே திரும்பாத" என்றாள்.

இடுப்பில் தாயத்தும் கட்டிவிட்டாள். சுத்த வெள்ளி என்று கோயில் வாசலில் ஒருவர் கொடுத்தாராம். வயிற்றில் யார் கண்ணோ பட்டிருக்கிறதாம். எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மா முடிச்சுப் போடும்போது பேசாமல் நின்றேன்.

ஜனவரி 18, சனி

விடுதி. மூன்று வேளையும் சத்துமாவு. கோதுமை ஒரு வாய்கூட இல்லை.

ஜனவரி 20, திங்கள்

மூன்று வேளையும் சத்துமாவு. உப்பல். பழகும் வரை அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

சத்துமாவு. இரண்டு முறை வாந்தி. அரை நாள் லீவு.

ஜனவரி 24, வெள்ளி

மேஸ்திரி மகளின் பிறந்தநாள் என்று தையல் லைனில் எல்லோருக்கும் சாக்லேட். ஒன்று தின்றேன். சாயங்காலம் வரை கழிப்பறையில். தாயத்து இருக்கும் இடத்தில் தடிப்பு, காசு அளவுக்கு.

ஜனவரி 29, புதன்

சத்துமாவு. வயிறு பெரிதாகத் தெரிகிறது. சுடிதாரை ஒரு அளவு பெரிதாக வாங்கவேண்டும். ஆனால் கையும் முகமும் இளைத்துவிட்டன. முகம் வெளுத்தும் இருக்கிறது. ரத்தம் குறைந்தால் அப்படி ஆகுமாம்.

வார்டன் தங்கமணியக்கா அறையில் ஒரு நோட்டு இருக்கிறது. மாதம் ஒருமுறை நாப்கின் பாக்கெட் வாங்கும்போது அதில் அவரவர் பெயருக்கு நேரே தேதி போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். கம்பெனி செலவில் கொடுப்பதால் கணக்கு. டிசம்பரில் எனக்குத் தேவைப்படவில்லை. இந்த மாதமும் இல்லை. உடம்பு இளைத்தால் தள்ளிப்போகும் என்று படித்திருக்கிறேன். வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

வேறு வேலையாக அந்த அறைக்குப் போனபோது வார்டன் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். கையில் பென்சில். என்னைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார், பிறகு நோட்டில் ஏதோ குறித்தார். வாங்காதவர்கள் கணக்காக இருக்கும்.

பிப்ரவரி 3, திங்கள்

சத்துமாவு. காலையில் குளியலறையில் வாந்தி. வெளியே வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். உடம்பு சரியில்லாதவள் என்று இரக்கமாக இருக்கலாம்.

சாயங்காலம் வார்டன் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஊரில் யார் யார் இருக்கிறார்கள், மாமன் மகன் உண்டா, பொங்கலுக்கு அவனும் வந்திருந்தானா என்று விசாரித்தார். எனக்கு மாமனே இல்லை என்றேன். "அப்பொ இங்கயேதானா?" என்றார். எனக்கு என்ன கேட்கிறார் என்று புரியவில்லை. தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டியிருக்கக்கூடாது என்று அறைக்கு வந்த பிறகு தோன்றியது.

பிப்ரவரி 5, புதன்

எடை 41. அக்டோபரில் 49. அம்மாவிடம் 46 என்று சொன்னேன்.

பிப்ரவரி 8, சனி

சத்துமாவு இரண்டு வேளை. மூன்றாவது வேளைக்கு ஊற்றிய பிறகு கொட்டிவிட்டேன். கொட்டும்போது அம்மா வறுத்த வாசனை வந்தது. இனிமேல் கொட்டமாட்டேன்.

என் கட்டிலில் யாரோ ஒரு மாங்காய் வைத்திருந்தார்கள். கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, காகிதத்தில். மாங்காய்க் காலம் இன்னும் தொடங்கவில்லை, எங்கே தேடி வாங்கினார்களோ. யார் வைத்தது என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் சிரிப்பு கேட்டது. பக்கத்துக் கட்டில் ரேபதி எழுந்து வந்து அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். ஒடிசாப் பெண். தமிழ் கொஞ்சம்தான் வரும். "சாப்பிடாதே நாகா. நல்லது இல்லே" என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை வேலைக்குக் கிளம்பும்போது வார்டன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு சின்ன உறையைக் கொடுத்தார். மருந்துக் கடையில் விற்பது. போய்ப் பார்த்துவிட்டு வா, நான் வெளியில் நிற்கிறேன் என்றார்.

செய்தேன். சொட்டு விடுவது, காத்திருப்பது, நிறம் பார்ப்பது. தினமும் செய்கிற வேலைதான். ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. இரண்டு வந்தால்தான் பிள்ளை என்று உறையில் போட்டிருந்தது.

வார்டன் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் சிலப்போ தப்பாவும் காட்டுமாங் கண்ணு" என்றார். "உங்கம்மாகிட்ட நேத்தே போன்ல சொல்லிப்போட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னா நாந்தானே பதில் சொல்லோணும்."

மாங்காய் வைத்த அன்றே எனக்குத் தெரியும். அதற்கு முன்பு, குளியலறை வாசலில் வழிவிட்ட அன்றே தெரியும். தெரியாததுபோல இந்த டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டால் அப்படி ஒன்று இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தேன் போலிருக்கிறது.

டாக்டரிடம் இதை இனிமேல் காட்டமுடியாது.

பிப்ரவரி 12, புதன்

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அம்மா வந்தாள். காலை பஸ்ஸில் வந்து, விடுதிக்குள் வராமல் எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டின். மறுபடியும் ஐந்து கிலோ.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள். அதன் பிறகுதான் முகத்தை. பக்கத்தில் உட்கார வைத்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். விடுதியில் சொன்னதை அய்யாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். அன்னத்துக்கும் தெரியாதாம்.

"எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு ஆத்தா. நான் ஒண்ணும் செய்யமாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லு."

அட்டையில் ஒரு கோடுதான் வந்தது என்றேன். அதையும் கேட்டேன் என்றாள். கேட்டுவிட்டுத்தான் இந்தக் கேள்வி.

எனக்கு வார்த்தை வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் வராது. பள்ளியில் பேனா திருடியதாகச் சொன்னபோதும் வரவில்லை, பேசாமல் நின்றதனால் நான்தான் திருடினேன் என்று முடிவு செய்தார்கள். இப்போதும் அப்படியே நின்றால் அதேதான் நடக்கும் என்று தெரிந்தது. துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துச் சுடிதாரை இடுப்புப் பக்கம் தூக்கிக் காட்டினேன். தாயத்தைச் சுற்றித் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. வேறு என்ன காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கறுப்புக் கயிற்றை நகர்த்தித் தாயத்தை நல்ல தோல் இருக்கும் மற்றப் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள்.

இந்த மாதக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உடம்பு தேறாவிட்டால் மார்ச் முதல் வாரம் கூட்டிப்போக அய்யாவையே அனுப்புவேன் என்றாள். அன்னத்தின் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வந்தது முதல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டு நாளில் இடுப்பின் மற்றப் பக்கமும் தடித்துவிட்டது. இடது பக்கம் தாயத்தின் அளவுக்கு நீள்வட்டம். வலது பக்கமும் அதே அளவு நீள்வட்டம். மதிய இடைவேளையில் சோதனைக்கூடத்தில் யாருமில்லை. மேசையில் இரண்டு புட்டியும் இருந்தன. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. கயிற்றை அறுத்துத் தாயத்தை எடுத்து, பஞ்சில் சொட்டு விட்டுத் தேய்த்தேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ரோஸ். இத்தனை மாதத்தில் எந்தப் பட்டனிலும் இவ்வளவு அழுத்தமான நிறத்தைப் பார்த்ததில்லை.

காதில் இருந்த கவரிங் தோட்டைக் கழற்றினேன். ரோஸ். வாட்சின் அடித்தட்டு, ரோஸ். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கு, ரோஸ். கூந்தல் கிளிப், ரோஸ். மேசை முழுக்க ரோஸ் நிறக் குச்சிகளாக வரிசையாகக் கிடந்தன. எந்தெந்த இடத்தில் எனக்கு அரிக்கிறதோ அந்தந்த இடத்திலிருந்து எடுத்தவை. சோதனைக்கு வந்த மூட்டையாக நான் இருந்திருந்தால் என்னையே திருப்பி அனுப்பியிருக்கவேண்டும்.

விரலைப் பார்த்தேன். நான்கரை மாதமாகப் பட்டனை எடுக்கிற விரல்.

அம்மா அதை வெள்ளி என்று நம்பித்தான் வாங்கினாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தோல் சரி. வயிறு?

போனில் தேடினேன். நிக்கல் தோலில் படுவது மட்டுமில்லை, சாப்பாட்டிலும் இருக்கிறதாம். மண்ணிலிருந்து செடி இழுத்துக்கொள்ளுமாம். பட்டியல் போட்டிருந்தார்கள். முழுக் கோதுமை. சோயா. நிலக்கடலை. முந்திரி. பருப்பு வகைகள். சிறுதானியம். சாக்லேட்.

டைரியின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். சுண்டல் தின்ற நாள். சாக்லேட் தின்ற நாள். சத்துமாவு, சத்துமாவு, சத்துமாவு. கோதுமையை மட்டும் எடுத்துவிட்டு, அந்தப் பட்டியலில் மீதி இருந்த எல்லாவற்றையும் மூன்று வேளையும் கரைத்துக் குடித்திருக்கிறேன்.

இது சரிதானா என்று எனக்குத் தெரியாது. போனில் படித்ததை வைத்து வார்டனிடம் பேசமுடியாது. ரேபதியிடம் சொன்னேன். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை உண்டு, அவளுடைய அக்காவுக்குச் செய்தார்கள் என்றாள். மூன்று நாள் போகவேண்டுமாம். திங்கள், புதன், வெள்ளி.

பிப்ரவரி 20, வியாழன்

சோறு, மோர், பூசணிக்காய். மோகனசுந்தரம் சாரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். சோதனைக்கூடத்துக்கு அவர்தான் மேலாளர். பதிவேட்டைப் பார்த்தார். ஏற்கெனவே எட்டு நாள். "படிச்ச பிள்ளைன்னு எடுத்தேன். இப்படியே போனா ஏப்ரல்ல நான் என்னன்னு எழுதறது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், விடுதியில் என்னவோ பேசிக்கொள்கிறார்கள், எனக்கு அது வேண்டாம், ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் வராதே என்றார்.

இவருக்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துப் பொட்டுகளை வைத்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. புதன்கிழமை வரை நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. எந்த எண் எது என்று கேட்டேன். சொல்லமாட்டோம், சொன்னால் அந்த இடத்தில் அரிக்கிற மாதிரியே இருக்கும் என்றாள் நர்ஸ்.

பிப்ரவரி 25, செவ்வாய்

குளிக்கவில்லை. விடுதியில் அதற்கும் ஒரு பேச்சு. முதுகில் ஒரே ஒரு இடத்தில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது. கை எட்டாது. எட்டினாலும் தொடக்கூடாது. அந்த இடம் எரியட்டும், நன்றாகக் கொப்பளிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி யாராவது வேண்டுவார்களா தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமல் வெறும் தோலாக இருந்துவிட்டால் எனக்குச் சொல்ல எதுவுமே இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

நிக்கல். புதனன்றே சிவந்திருந்தது, இன்று கொப்பளம். மற்ற எண்களில் ஒன்றுமில்லை.

தோல் டாக்டர் வயதான பெண்மணி. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது வேறு வழியில்லாமல் இந்த டைரியை நீட்டினேன். சாப்பாட்டு வரிகளை மட்டும் பாருங்கள் என்று சொல்வதற்குள் முதல் பக்கத்தைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பிப்ரவரி எட்டில், மாங்காய் வந்த பக்கத்தில், விரல் நின்றது. பிறகு புரட்டினார்.

"கோதுமையிலயும் நிக்கல் இருக்கும்மா. கோதுமை ஆகலைன்னு வர்றவங்கள்ல சிலபேருக்கு உள்ள இருக்கறது இதுதான். நிறுத்தினதும் கொஞ்சம் அடங்கும், கோதுமைதான்னு முடிவு கட்டிருவாங்க. நீ அதை நிறுத்திட்டு அதைவிட அதிகமா இருக்கறதையெல்லாம் குடிச்சிருக்கே."

ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் இந்த நிக்கலை இன்னும் கூடுதலாக இழுத்துக்கொள்ளுமாம். புதனன்று எடுத்த பரிசோதனையில் எனக்கு ரத்த அளவு எட்டுதான், பன்னிரண்டாவது வேண்டும். கோதுமைக்கான ரத்தப் பரிசோதனையை இப்போது செய்தால் சரியாகக் காட்டாது, உடம்பு தேறியதும் மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டுச் செய்துகொள்ளலாம் என்றார். வெள்ளை அரிசிச் சோறு, மோர், முட்டை, மீன், நீர்க்காய்கள் சாப்பிடச் சொன்னார். சத்துமாவைத் தொடக்கூடாது. புளிக்குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைக்கக்கூடாது.

சீட்டு எழுதினார். நான் கேட்காமலே ஒரு வரி சேர்த்தார். வயிற்று உப்பலும் வாந்தியும் நிக்கல் ஒவ்வாமையால் வந்தவை, மாதவிடாய் தள்ளிப்போனது எடை குறைந்ததாலும் ரத்தசோகையாலும் என்று. படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அதற்குக் கீழே அடுத்த வரி: நிக்கல் உள்ள பொருட்களைக் கையாளும் பணியைத் தவிர்க்கவேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

சோறு, மோர், வெள்ளரிக்காய். வலி குறைவு. சீட்டு தலையணைக்கு அடியில்.

இந்தச் சீட்டைக் காட்டினால் என் பெயர் திரும்பி வரும், வேலை போகும். காட்டாவிட்டால் வேலை ஒரு மாதம் நீளும், பெயர் போனது போனதுதான். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து அளந்தும் பார்த்துவிட்டேன். கீழ் வரியை ஒட்டித்தான் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும். கீழ் வரியை வெட்டினால் கையெழுத்தும் போய்விடும்.

நாளை அம்மா போன் செய்வாள். மார்ச் முதல் வாரம்.

மார்ச் 3, திங்கள்

காட்டவில்லை. நாளைக்கு என்றேன். புது மூட்டை வந்தது. இருபது பட்டன்.

மார்ச் 5, புதன்

காட்டிவிட்டேன்.

மோகனசுந்தரம் சார் இரண்டு முறை படித்தார். முதல் வரியில் முகம் கொஞ்சம் இளகியது. அடுத்த வரியில் பேனாவை மூடிவிட்டார். "அப்புறம் எப்பிடிம்மா? இந்த வேலையே பட்டன் தொடறதுதானே. டாக்டரே வேண்டாங்கறாங்க" என்றார். அதில் கோபமில்லை. முடிந்துவிட்டது என்கிற குரல்.

நான் திரும்பி வாசல் வரை வந்துவிட்டேன். கதவுப் பிடி எவர்சில்வர். அதில் கையை வைத்தபோது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, திரும்பி நின்று பேசினேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

"சார், பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு தள்ளுறோம். தள்ளுறதுக்கு முன்னாடி அத்தனையையும் நாந்தான் சார் தொடுறேன். ஒரு கையுறை குடுக்கலை சார்."

அவர் மேசையில் இருந்த பட்டன் தட்டைப் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன். போ, யோசிக்கிறேன் என்றார்.

சாயங்காலம் சீட்டை வார்டனிடமும் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். "நாங்க நல்லதுக்குத்தானே பாத்தோம் கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தார்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவிடம் போனில் சொன்னேன். சத்துமாவைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த டின் வரும்.

அதனால் அதையும் சொன்னேன். "மூணு வேளையும் குடின்னு நாந்தானத்தா சொன்னேன்" என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும், வேதியியல் படித்த எனக்கே தெரியவில்லையே என்றேன். தாயத்து வெள்ளி இல்லை என்பதைச் சொல்லவில்லை. அறுந்து விழுந்துவிட்டது என்றேன்.

வைக்கும்போது, அன்றைக்குக் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றாள். சரி என்றேன். வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

மேசையில் ஒரு டப்பா நைட்ரில் கையுறை. யாரும் எதுவும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டேன். கை வியர்க்கிறது.

மார்ச் 24, திங்கள்

சோறு, முட்டை, சுரைக்காய். எடை 43. விரல் வெடிப்பு மூடுகிறது.

ஏப்ரல் 2, புதன்

கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. நீக்கவும் இல்லை. சோதனைக் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. லீவு அதிகம் என்று காரணம்.

அய்யாவிடம் நானே பேசினேன். நீட்டிப்பு என்றால் என்ன என்று கேட்டார். இன்னும் துரத்தவில்லை என்று அர்த்தம் என்றேன். "சரி. பாரம் என்னைக்குக் குடுக்குறாகளாம்?" என்றார். எந்தப் பாரம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பின்னாலிருந்து அன்னம் கல்லூரி விண்ணப்பம் என்று கத்தினாள். ஜூலையில் என் முடிவு தெரியும் வரைக்கும் அன்னத்துக்குக் காலேஜ் உண்டு.

ஏப்ரல் 10, வியாழன்

சோறு, மோர், மீன். எடை 45.

நான்கு மாதத்துக்குப் பிறகு இன்று நாப்கின் வாங்க வார்டன் அறைக்குப் போனேன். அவர் பாக்கெட்டை எடுக்க உள்ளே போனார். நோட்டு திறந்து கிடந்தது. என் பெயருக்கு நேரே ஜனவரியில் ஒரு பென்சில் வட்டம். பிப்ரவரியில் அதன்மேல் அழுத்தி இன்னொன்று. மார்ச் கட்டம் வெறுமையாக இருந்தது.

அவர் வந்ததும் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து கொடுத்தார். நின்றுகொண்டே அழித்தேன். அழுத்திப் போட்டிருந்ததால் பிப்ரவரிக் கட்டத்தில் தாள் லேசாகக் கிழிந்தது.

கீழே கண்ணை ஓட்டினேன். அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்களுக்கு மார்ச் மாதத்தில் வட்டம் இருந்தது. ஒருத்தி பீகார்ப் பெண், பெயர் மட்டும் தெரியும். இன்னொருத்தி ஜன்னல் பக்கத்துக் கட்டில்காரி. மாங்காய் வந்த அன்று அங்கிருந்துதான் சிரிப்பு கேட்டது.

இரண்டையும் அழித்தேன். வார்டன் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, ஏப்ரல் கட்டத்தில் தேதி போட்டு, பேனாவால் என் பெயரை முழுதாக எழுதினேன்.